முதல் மூதவைத் தேர்தலும் ஓமந்தையின் ஒரு வாக்கும்

(ஓமந்தையிற் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வானம் இருண்டு நிற்கிறது. காலபோக விதைப்பை அரைகுறையில் விட்டுவிட்டு வந்திருக்கும் உங்களை நீண்ட நேரம் இருத்தி வைத்தல் முறையன்று. ஆயினும், பேசப் புகுந்த பொருள் பழையது. சற்றுக் கணக்கும் கலந்தது. ஆதலால் பொறுமையை வேண்டுகிறோம்.

சில கிழமைகளுக்கு முன், காணி விடயமாக எமது அலுவலகத்துக்கு ஒரு முதியவர் வந்தார். குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல். தகப்பன் காலத்து அனுமதிப்பத்திரம். அதுவும் இடம்பெயர்ந்த காலத்தில் மழையில் நனைந்து பாதி அழிந்துவிட்டது. அலுவல் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. "தம்பி, மேல்சபை எண்டு ஒண்டு வருமெண்டு முந்திப் பேப்பரில எழுதினாங்கள். அது வந்தால் எங்கட காணிக்கு ஏதும் விடிவு வருமோ?" என்று கேட்டார். எம்மிடம் அப்பொழுது ஆயத்தமாக ஒரு விடை இருக்கவில்லை. சட்டம் படித்தவர்கள் வழக்கமாகச் சொல்வது போல, "அது எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தது, ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் போனபின் அந்த விடை எமக்கே பிடிக்கவில்லை. இன்றைய பேச்சு அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த விடையேயாகும்.

மேல்சபை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1947 முதல் 1971 வரை, இருபத்துநான்கு ஆண்டுகள் இலங்கையில் ஒரு மூதவை இருந்தது. செனற் சபை என்றும் அதனை வழங்கினர். கொழும்புக் கோட்டையில், கோர்டன் பூங்காவுக்கு அருகே, பழைய சட்டநிரூபண சபைக் கட்டடத்தில் அது கூடிற்று. இன்று வெளிநாட்டு அமைச்சு இருக்கும் மாளிகை அதுவே. வெளிநாடு செல்லும் பிள்ளைகளின் பத்திரங்களுக்கு அத்தாட்சி பெறுவதற்காக அந்த அமைச்சைத் தேடி அலைந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தமிழரின் உரிமைக்குக் காப்பு என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்ட சபையின் பெயர் அவ்வமைச்சின் கட்டடத்தோடு ஒட்டிக் கிடக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

அச்சபை எப்படி வந்தது? சோல்பரி ஆணைக்குழுவினர் நாட்டைச் சுற்றிப் பார்த்து, சிறுபான்மையோரின் அச்சங்களைக் கேட்டு, ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கையை மறுத்துவிட்டு, அதற்கு ஈடாக எனச் சில காப்புகளை வகுத்தனர். அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு ஒன்று, நியமன உறுப்பினர் ஒன்று, மூதவை மற்றொன்று. அவசரப்பட்டு இயற்றப்படும் சட்டத்தை அது நிறுத்தி வைத்து ஆராயும் என்றும், தேர்தற் களத்தில் இறங்க விரும்பாத அறிஞர்க்கு அது இடந்தரும் என்றும், சிறுபான்மையோர் குரல் அங்கே கேட்கும் என்றும் நம்பிக்கையூட்டப்பட்டது.

உறுப்பினர் தொகை 30. அவர்களுள் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்யும். மற்றப் 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிப்பார். இந்த இரண்டு பதினைந்துகளையும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அவற்றுக்கிடையேதான் கிடக்கிறது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் நாடு முழுவதும் பொதுத் தேர்தல் நடைபெற்றது. அந்நாளில் ஓமந்தை வவுனியாத் தொகுதியிற் சேர்ந்திருந்தது. தொகுதி மக்கள் தெரிந்தெடுத்தவர் செ. சுந்தரலிங்கம். அடங்காத் தமிழர் எனப் பின்னாளிற் பேர்பெற்ற அவர், சுயேச்சையாக நின்று வென்றவர். எனவே, மூதவைக்குப் பதினைந்து பேரைத் தெரிவு செய்யும் தேர்தலில் ஓமந்தைக்கு ஒரு வாக்கு இருந்தது என்றால், அது சுந்தரலிங்கத்தின் கையிலிருந்த ஒரு சீட்டு. உங்கள் பாட்டன் வண்டிலில் ஏறிப் போய் வாக்களித்ததன் பலன், அந்த ஒரு சீட்டுக்குள் அடங்கிற்று. பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்தவர் அவர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். அந்தச் சீட்டை நிரப்புவதற்கு அவரினும் தகுந்தவர் அந்த அவையில் இருந்திருக்க மாட்டார். ஏனெனில் அது கணக்குத் தெரிந்தவர் விளையாடும் தேர்தல்.

அக்கணக்கைச் சற்று விரித்துச் சொல்வோம். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் வாக்கு ஒன்றே; ஆனால் அது மாற்றத்தக்க வாக்கு. சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடவேண்டும். குறித்த அளவு வாக்கைப் பெற்றவர் தெரிவாகிவிடுவார். அவருக்கு மிஞ்சியது, மேல் வயல் நிரம்பியதும் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்குவதைப் போல, அடுத்த விருப்பத்துக்குரியவரிடம் இறங்கும். அடியில் நிற்பவர் விலக்கப்பட, அவருடைய சீட்டுகளும் அவ்வாறே அடுத்த பெயருக்குப் போகும். 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டதை நீங்கள் கண்டீர்கள். அதற்குத் தூரத்து உறவு இது; ஆனால் ஒருவரை அல்லாமற் பலரைத் தெரிவதற்கு அமைந்தது.

குறித்த அளவு என்பது எவ்வளவு? மொத்த வாக்கை, இடங்களின் தொகையோடு ஒன்றைக் கூட்டி வந்த எண்ணாற் பிரித்து, வரும் முழுவெண்ணோடு ஒன்றைக் கூட்டுக. பிரதிநிதிகள் சபையில் 101 பேர். 95 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், 6 பேர் நியமனம் பெற்றோர். இடங்கள் 15. ஆக, 101ஐ 16ஆற் பிரித்தால் 6 வருகிறது. ஒன்றைக் கூட்ட 7.

ஏழு! அந்தப் பொதுத் தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் பெற்ற ஆசனங்கள் எத்தனை? ஏழு. ஒருவரும் சிதறாமல் நின்றால், எவர் தயவும் வேண்டாது தம்மவர் ஒருவரை அவர்கள் மூதவைக்கு அனுப்பலாம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஆசனங்கள். அதனைக் கொண்டு ஆறு பேரை அனுப்பலாம். சமசமாசக் கட்சிக்குப் 10. ஒருவர் உறுதி, மிச்சம் மூன்று வாக்கு பேரம் பேச உதவும். தோட்டத் தொழிலாளரின் வாக்கால் வந்த இலங்கை இந்தியக் காங்கிரசாரும் அந்த அளவை ஒட்டியே நின்றனர். சுயேச்சைகள் 21 பேர். கூடினால் மூவரை ஆக்கலாம், பிரிந்தால் பிறர்க்கு உரமாகலாம். சிறிய கட்சிக்கும் தன் அளவுக்கு ஏற்ற பங்கு கிடைக்கும் தேர்தல் அது. நீதியான தேர்தல் என்று சொல்வதில் எமக்குத் தயக்கமில்லை. இலங்கையின் சட்டப் புத்தகத்தில் சிறுபான்மையோருக்குக் கணக்கால் இடம் வைத்த ஏற்பாடுகளுள் அது ஒன்று.

1947 நவம்பர் 12ஆம் நாள் மூதவை முதன்முறையாகக் கூடிற்று. சேர் ஜெரார்ட் விஜயக்கோன் முதற் தலைவரானார். அமைச்சர்களுள் இருவராவது மூதவையிலிருந்து வரவேண்டும், அவருள் ஒருவர் நீதி அமைச்சராதல் வேண்டும் என்பது விதி. அதன்படி லலித ராஜபக்ஷ நீதி அமைச்சராகவும், சேர் ஒலிவர் குணதிலக்க உள்நாட்டு அமைச்சராகவும் அங்கே அமர்ந்தனர். சிசி குரே அம்மையார் முதற் பெண் செனற்றராக வந்தார்.

எம்மவருள் யார் யார் சென்றனர்? பெரி சுந்தரம் அவர்களை முதலிற் சொல்ல வேண்டும். 1931இல் அமைந்த முதல் அமைச்சர் குழுவிலே தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்த மலையகத் தமிழர் அவர். மூதவையிலும் மதிப்போடு விளங்கினார். அடுத்தவர் சோ. நடேசன். கட்சிக் கயிற்றிற் கட்டுண்ணாத சட்டத்தரணி; யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் மரபில் வந்தவர்; ஆண்டுக் கணக்காக அந்த அவையிற் பேசி, மூதவை மறைந்து பல காலம் கழிந்த பின்னும், எழுதிய கட்டுரைக்காகப் பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறினார் என்ற குற்றச்சாட்டில் 1980இல் உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவர். சட்டத் தொழிலில் எமக்கு வழிகாட்டியவர்களின் வாயிலிருந்து நாம் அடிக்கடி கேட்ட பெயர் அது. மூன்றாமவர் வைத்தியர் இ. மு. வி. நாகநாதன். தமிழ்க் காங்கிரசின் மூதவைக் குரலாக இருந்தவர். 1949 டிசம்பரில் செல்வநாயகம், வன்னியசிங்கம் ஆகியோரோடு தமிழரசுக் கட்சியைத் தொடக்கியவர்களுள் ஒருவர். செனற்றர் நாகநாதன் என்றே ஊரெங்கும் அழைக்கப்பட்டவர்.

இவ்வளவும் நன்று. நீங்கள் கேட்கலாம்: இத்தகைய பெரியோர் அமர்ந்த சபை, கணக்கால் நீதியாகத் தெரிவான சபை, எம்மை ஏன் காக்கவில்லை?

இரண்டாவது பதினைந்தைப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சி தன் 42 வாக்கால் ஆறு பேரைப் பெறலாம் என்றோம். பிரதமரின் ஆலோசனையில் நியமனமாவோர் பதினைவர். கூட்டினால் 21. முப்பதில் இருபத்தொன்று! நியமனம் பெற்ற எல்லோரும் பிரதமரின் ஆட்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுட் கல்விமான்களும் இருந்தனர், நேர்மையாளரும் இருந்தனர். பின்னாளில் திருக்கேதீச்சரத் திருப்பணிக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த சேர் கந்தையா வைத்தியநாதனும் நியமனத்தால் வந்த செனற்றரே. ஆயினும், ஒரு கையால் அளந்து கொடுத்ததை மறுகையால் வாரி எடுத்துக்கொள்ளும் வழி அச்சட்டத்திலேயே இருந்தது. கீழ்ச்சபையிற் பெரும்பான்மை உடையவரே மேல்சபையிற் பாதியை ஆக்குவார் என்றால், மேல்சபை எதனைத் தடுக்கும்? ஒரே குளத்துக்கு இரண்டு துருசு வைத்துவிட்டு, இரண்டின் திறப்பையும் ஒருவரிடமே கொடுத்தது போன்ற ஏற்பாடு அது.

அதிகாரமோ அதனிலும் குறைவு. பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்க மூதவைக்கு இயலாது. ஏனைய மசோதாக்களைப் பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த இரண்டு கூட்டத்தொடர்களில் நிறைவேற்றிவிட்டால், மூதவை இணங்காவிடினும் அவை சட்டமாகலாம். இவற்றைக் கூடப் பொறுக்கலாம். வேறு நாட்டு மேல்சபைகளுக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. சட்டம் படித்த நாள் முதலாக எம்மை உறுத்துவது வேறொன்று. அரசியற்றிட்டத்தையே திருத்துவதற்கு மூன்றிலிரண்டு வாக்கு வேண்டும் என்று 29ஆம் பிரிவு விதித்தது. எங்கே மூன்றிலிரண்டு? பிரதிநிதிகள் சபையில் மட்டும். 101 பேருள் 68 பேர் கையுயர்த்தினாற் போதும். சபாநாயகர் சான்றிதழ் எழுதுவார். மூதவையில் அத்தகைய சிறப்புப் பெரும்பான்மை எதுவும் கோரப்படவில்லை. வீட்டுக்குக் காவலாளி வைத்தவர்கள், வீட்டு உறுதியை மாற்றி எழுதும்போது அவனைக் கேட்கத் தேவையில்லை என்று எழுதிவைத்தார்கள்.

விளைவு விரைவில் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம். மூன்றும் மூதவையைக் கடந்தே சட்டமாயின. மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மக்கள் குடியுரிமையை இழந்தனர்; வாக்கையும் இழந்தனர். 1947இல் அவர்கள் அனுப்பிய பிரதிநிதிகள்தாம் மூதவைத் தேர்தலிற் சீட்டெடுத்து வாக்களித்தவர்கள். தன்னைத் தெரிவு செய்த கைகளில் ஒரு பகுதியையே வெட்டிவிட்டு அச்சபை அமர்ந்திருந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஒருவர் தானும் பாராளுமன்றம் திரும்பவில்லை. எமது தொகுதிப் பிரதிநிதியும் வர்த்தக அமைச்சருமாயிருந்த சுந்தரலிங்கம், இந்திய பாகிஸ்தானியர் மசோதாவின் பேரில் 1948இன் இறுதியில் அமைச்சர் பதவியைத் துறந்தார். தமிழ்க் காங்கிரஸ் அவ்வேளை அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்திருந்தது. அதனால் எழுந்த பிளவின் கதையை நாம் இங்கே விரிக்கப் போவதில்லை. அது உங்கள் திண்ணைகளில் எழுபது ஆண்டாகப் பேசித் தேய்ந்த கதை.

இந்த ஓமந்தைச் சந்தியில் நின்று குடியுரிமையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நாம் இளைஞராயிருந்த காலத்தில், இவ்விடத்துச் சோதனைச் சாவடியிலே எத்தனை முறை வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டியிருப்போம்! ஒரு துண்டுக் கடதாசி இல்லாதவன் நாட்டிலும் இல்லாதவன் என்பதை நாம் நூலிற் படிக்கவில்லை. 1948இல் மலையகத்தார்க்கு நேர்ந்தது என்னவென்பது அந்த வரிசையில் நின்றபோதே எமக்கு விளங்கிற்று.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 56க்கு 29 வாக்கு. மூதவையையும் கடந்து, ஜூலை 7ஆம் நாள் அது சட்டமாயிற்று. அவசரச் சட்டத்தை நிறுத்தி வைத்து ஆராயும் என்று சொல்லப்பட்ட சபை, நாட்டையே இரண்டாக்கிய சட்டத்தைச் சில கிழமைகளுக்குக் கூட நிறுத்தி வைக்கவில்லை.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். மூதவை ஒருமுறையாகக் கலைவதில்லை. செனற்றரின் பதவிக்காலம் ஆறாண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர். அதாவது, முதற் தேர்தலுக்குப் பின், ஒவ்வொரு முறையும் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது 15 பேரையன்று, 5 பேரையே. இப்பொழுது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 101ஐ 6ஆற் பிரித்தால் 16. ஒன்றைக் கூட்ட 17. முதல் நாளில் ஏழு வாக்கால் ஒருவரை அனுப்பக் கூடியதாயிருந்த கட்சிக்கு, அடுத்த முறை பதினேழு வாக்கு வேண்டும்! 1956இல் தமிழரசுக் கட்சிக்கு இருந்தவை 10. 1960இல் பிரதிநிதிகள் சபை 157 பேராகப் பெருத்தது. அளவும் 27 ஆயிற்று. அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பெற்றது 16, 1965இல் 14. பிறர் கைகொடாமல் ஒருவரையும் அனுப்ப இயலாது. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. விகிதாசாரம் என்ற சொல்லும் அப்படியே இருந்தது. தேர்தலை மூன்று துண்டாக்கியதிலேயே சிறுபான்மையின் பங்கு கரைந்துவிட்டது. முதற் தேர்தலின் முடிவைக் கண்டு மகிழ்ந்தவர்களுள், இரண்டாம் தேர்தலின் கணக்கை அன்றே போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

இவ்வாறு மெலிந்த மூதவை வேறு அலுவல்களுக்குப் பயன்பட்டது. 1960 ஜூலையில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் பாராளுமன்றத்துக்குப் போட்டியிடாமலே பிரதமரானார். ஆகஸ்டில் செனற்றராக அமர்ந்தார். உலகின் முதற் பெண் பிரதமர் வந்தது மூதவை வழியாகத்தான். 1965இல், டட்லி செல்வநாயகம் உடன்பாட்டின் பின், தமிழரசுக் கட்சி தன் பாராளுமன்ற உறுப்பினர் எவரையும் அமைச்சராக்க விரும்பவில்லை, ஆகவே மு. திருச்செல்வம் செனற்றராகி உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபை மசோதாவை ஆக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. மசோதா கைவிடப்பட்டது. திருக்கோணேச்சரச் சூழலைப் புனித நகராக்குவதை ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தியதும், 1968இல் அவர் பதவி துறந்தார். 1970இல் செ. குமாரசூரியர் நியமனத்தால் செனற்றராகி அஞ்சல் அமைச்சரானார். இவர்களுடைய நன்மை தீமைகளை வரலாறு எடைபோடட்டும். எமது கவனத்துக்குரியது ஒன்றே: மூதவை வழியாக வந்த தமிழ் அமைச்சர், தம் பதவிக்குப் பிரதமரையே நோக்கியிருந்தார், வவுனியாவின் கமக்காரனை நோக்க வேண்டிய தேவை அவருக்குச் சட்டப்படி இருக்கவில்லை.

1971 அக்டோபர் 2ஆம் நாள் மூதவை ஒழிக்கப்பட்டது. அதற்கெனத் தமிழ் மாவட்டங்களிற் பெரிய கண்ணீர் எதுவும் சிந்தப்பட்டதாக நாம் படித்ததில்லை. அடுத்த ஆண்டு, 1972இன் குடியரசு அரசியலமைப்பில், 29ஆம் பிரிவும் போயிற்று.

அப்படியானால் மேல்சபை என்பதே வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. பிற நாட்டார் அதே காலத்தில் என்ன செய்தனர் என்று பாருங்கள். பர்மா தன் அரசியலமைப்பை எழுதியது எமது மூதவை பிறந்த அதே 1947இல். அங்கே மேல்சபைக்குத் தேசிய இனங்களின் சபை என்று பெயர். 125 ஆசனங்கள், ஷான் மக்களுக்கு 25, கரேன்களுக்கு 15, கச்சின்களுக்கு 12, சின்களுக்கு 8, கரேன்னிகளுக்கு 3, எஞ்சிய 62 பர்மாவின் ஏனைய பகுதிக்கு. சிறிய இனங்கள் சேர்ந்து 63, பெரிய இனம் 62! எண்ணிக்கையிற் பார்த்தால் நெஞ்சு குளிரும். ஆயினும் 1962இல் இராணுவம் வந்து எல்லாவற்றையும் மூடிற்று. எழுதிய கணக்கு மட்டும் எவரையும் காத்துவிடாது என்பதற்கு அது சான்று. இந்தியாவில் 1952இல் மாநிலங்களவை அமைந்தது. அங்கும் ஆறாண்டுப் பதவி, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொருவர் விலகல், மாற்றத்தக்க ஒற்றை வாக்கு. எமது மூதவையின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். வேறுபாடு ஒன்றுதான்: அங்கே தெரிவு செய்வோர் மாநிலச் சட்டமன்றத்தார். நியமனம் பெறுவோர் 12 பேருக்கு மேல் இல்லை. சென்னையிலிருந்து செல்பவர் டில்லிப் பெரும்பான்மையாற் செல்வதில்லை. சென்னைச் சட்டமன்றத்தாற் செல்கிறார். எமது மூதவைக்கோ கீழே மாகாணம் என்று ஒன்று இருக்கவில்லை. கொழும்பே தெரிந்தது, கொழும்பே நியமித்தது.

இங்கேதான் பெரியவரின் கேள்விக்கு வந்து சேருகிறோம். 2017 செப்டெம்பரில் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழு ஓர் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. அதிலே இரண்டாம் சபை ஒன்று முன்மொழியப்பட்டது. உறுப்பினர் 55, மாகாண சபை ஒவ்வொன்றும் ஐவராக ஒன்பது மாகாணத்துக்கு 45, பாராளுமன்றம் தெரியும் 10. தெரிவு முறை, பழைய மாற்றத்தக்க ஒற்றை வாக்கே. சாதாரண சட்டத்தை அது தடுக்க முடியாது. மீள ஆராயுமாறு திருப்பி அனுப்பலாம். ஆனால் அரசியலமைப்பைத் திருத்துவதற்கு இரண்டு சபைகளிலும் மூன்றிலிரண்டு வேண்டும். 1947இல் விடுபட்ட பூட்டை இம்முறை போட்டிருந்தார்கள். அம்முயற்சி நிறைவேறாமல் நின்றது என்பதை அறிவீர்கள். எனினும், அரசியலமைப்புப் பேச்சு எப்பொழுது திரும்ப எழுந்தாலும் அந்த ஏடுதான் முதலில் மேசைக்கு வரும். ஆதலால் அதன் கணக்கை இன்றே போட்டுப் பார்ப்போம்; 1947இல் மகிழ்ந்தவர்கள் விட்ட பிழையை நாம் விடவேண்டாம்.

55இல் மூன்றிலிரண்டு 37. ஒரு திருத்தத்தை நிறுத்த வேண்டுமாயின் 19 பேர் இணங்காதிருக்க வேண்டும். வடக்கும் கிழக்கும் சேர்ந்தால் 10. கிழக்கின் ஐவரும் தமிழர் அல்லர். முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே உளர். ஆகவே, தமிழர் தனித்து நின்று எதையும் தடுக்கும் சபையன்று அது. மலையகத்தாரோடும், முஸ்லிம்களோடும், தம் மாகாணத்தின் அதிகாரத்தை விடமனமில்லாத தென்னிலங்கையாரோடும் சேர்ந்தால் மட்டுமே அந்தப் பத்தொன்பது திரளும். இதனை உரக்கச் சொன்னால் மேடையிற் கைதட்டல் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் கணக்கு அதுவே.

வட மாகாணத்துக்குள்ளும் கணக்குண்டு. 38 உறுப்பினர், 5 இடம். 38ஐ 6ஆற் பிரிக்க 6, ஒன்றைக் கூட்ட 7. மறுபடியும் அந்த ஏழு! 2013இன் சபையைக் கொண்டு பார்த்தால், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 30 உறுப்பினர் நால்வரை அனுப்புவர். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் 7 உறுப்பினர் ஒருவரை அனுப்புவர். நாம் பெரும்பான்மையாயிருக்கும் இடத்திற் சிறுபான்மைக்கு ஒன்று போகும். 1947இல் எமக்கு வேண்டியிருந்த நீதி, வவுனியா வடக்கிலும் மன்னாரிலும் பிறர்க்கு வேண்டியிருக்கும்போது நாம் முகஞ்சுளித்தல் தகாது.

ஆனால் இவையெல்லாம் மாகாண சபை என்று ஒன்று இருந்தாற்றான். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. சபை இல்லாத மாகாணத்திலிருந்து ஐவர் எப்படிப் போவர்? ஆளுநர் அனுப்புவாரா? இது வெறும் அச்சம் என்று எண்ணாதீர்கள். ஒருமுறை நடந்த வழக்கு இருக்கிறது. 2012இல், வாழ்வின் எழுச்சி என்று நீங்கள் அறிந்திருக்கும் திவிநெகும மசோதா வந்தது. மாகாணங்களின் அதிகாரத்தைத் தொடும் மசோதா. ஆகவே எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் கேட்க வேண்டும். வடக்கில் அப்பொழுது சபையே இல்லை. ஆளுநர் இணக்கம் தெரிவித்தார். ஆளுநரின் இணக்கம் சபையின் இணக்கமாகாது என்று உயர் நீதிமன்றம் கூறி, மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றது. அதுவும் அரசாங்கத்திடம் இருந்தது. 2013 ஜனவரியில் மசோதா நிறைவேறிற்று. எம்மிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும்போது, கதவைத் திறக்க வீட்டில் ஆளில்லை.

பெரியவருடைய வயலுக்கு வருவோம். 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் காணியை மாகாணத்துக்குரியது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அரச காணி குடியரசுக்கே உரியது என்று மறுபக்கத்தில் எழுதிற்று. வட மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21ஆம் நாள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் நாள், மலையகத் தோட்டக் காணி வழக்கொன்றில், அரச காணி மத்தியின் அதிகாரத்துக்குரியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, ஐயா அவர்களே - அவர் இன்று முன் வரிசையில் இருப்பதைக் காண்கிறோம் - இரண்டாம் சபை உங்கள் அனுமதிப்பத்திரத்தை உறுதியாக்கித் தராது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை மாற்றும் மசோதா ஒன்று வந்தால், அதனைத் திருப்பி அனுப்பக் கேட்கும் உரிமை ஐந்து பேருக்கு இருக்கும். அந்த ஐவரையும் தெரிவு செய்பவரைத் தெரிவு செய்வது நீங்கள். 1947இல் உங்கள் தகப்பனாருக்கும் வாக்குக்கும் இடையே சுந்தரலிங்கத்தின் சீட்டு ஒன்று நின்றது. இம்முறையும் இடையே ஒரு சீட்டு நிற்கும். வேறுபாடு, அச்சீட்டு எண்ணப்படுவது கொழும்பிலன்று, எமது மாகாணத்திலே என்பதுதான். அன்று அலுவலகத்தில் நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இவ்வளவே. உங்கள் அனுமதிப்பத்திரத்தின் அழிந்த பகுதிக்குப் பிரதேச செயலகப் பேரேட்டின் பிரதியைப் பெறும் விண்ணப்பத்தை நாம் தனியே எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஒப்பமிட்டுத் தாருங்கள்.

இடைக்கால அறிக்கையில் இரண்டாம் சபையைப் பற்றிய பக்கங்களின் தமிழ்ப் பிரதிகள் வாசல் மேசையில் உள்ளன. கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்கள் தத்தம் கூட்டத்தில் வாசிப்பதற்கு ஒவ்வொரு பிரதி எடுத்துச் செல்லலாம். வாசித்தபின் எழும் கேள்விகளை எழுதியனுப்புங்கள். அடுத்த மாதம் நெடுங்கேணியில் இதே பொருளைப் பேசும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். மழை தொடங்குமுன் இரண்டு மூன்று கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. முதலில் அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் கேட்கட்டும்.